தக்காளி இல்லாத இத்தாலி

2023 ஜூன் மாதம் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் புதைத்துவிட்ட பாம்பெய் நகரத்தில், ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த ஓவியம் அது. ஒரு வெள்ளித் தட்டு, அதில் வட்டமான தட்டை ரொட்டி, பழங்கள், பக்கத்தில் ஒரு ஒயின் கோப்பை. அவ்வளவுதான். பீட்சாவின் பாட்டனாரே கிடைத்துவிட்டதைப் போலச் செய்திகள் பறந்தன.

தோண்டிய ஆய்வாளர்கள் நிதானமாக ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். இதில் தக்காளி இல்லை, மொசரெல்லா சீஸும் இல்லை, ஆகவே இது பீட்சா இல்லை.

தக்காளி எப்படி இருக்கும்? அந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் கப்பலேறும் வரை ஐரோப்பாவில் யாரும் அதைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஜூலியஸ் சீசர் தக்காளி சாப்பிட்டதில்லை. தாந்தே சாப்பிட்டதில்லை. இன்றைக்கு இத்தாலி என்றதும் மனதில் வரும் அந்தச் சிவப்பு நிறம், ஈராயிரம் வருட வரலாற்றில் கடைசி ஏட்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் பொது அறிவுத் துணுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2009 ஜனவரியில் டஸ்கனி பகுதியில் உள்ள லூக்கா நகரத்தின் நிர்வாகம், பழைய நகரத்தின் மதில்களுக்குள் வெளிநாட்டு உணவுக் கடைகளைப் புதிதாகத் திறக்கக் கூடாது என்று தடை போட்டது. சொன்ன காரணம், உள்ளூர் உணவுப் பாரம்பரியத்தைக் காப்பது. அடி யார் மேல் விழுந்தது? கெபாப் விற்றுப் பிழைக்கும் குடியேறிகள் மேல். 2025 டிசம்பரில் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில், மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் இத்தாலியச் சமையல் இடம்பிடித்தது. (அதே கூட்டத்தில்தான் தீபாவளியும் சேர்ந்தது.) பட்டியலில் சேர்ந்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் 'மரபு' என்கிற சொல் ஒரு சமயம் பாராட்டுப் பத்திரம், இன்னொரு சமயம் கடைக்குப் போடும் பூட்டு. அதனால்தான் அந்த மரபு எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தால் தெரிவது இதுதான். இத்தாலியச் சாப்பாடு கடன் வாங்கி வளர்ந்த சாப்பாடு. அதன் பெருமையும் அங்கேதான் இருக்கிறது. வாங்கிய கணக்கை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் பேசுவது, வரவை எழுதிவிட்டுக் கடனை எழுதாமல் விட்ட பேலன்ஸ் ஷீட் மாதிரி. எந்த ஆடிட்டரும் அதில் கையெழுத்துப் போடமாட்டார்.

கூழில் ஆரம்பித்த கதை

உலகத்தை ஆண்ட ரோமர்களின் ஆதி உணவு ரொட்டி கூட இல்லை. 'புல்ஸ்' என்கிற கூழ். உமியோடு ஒட்டிய ஒருவகைப் பழைய கோதுமையை இடித்துக் கொதிக்க வைத்தது. ரோம் நகரம் தோன்றி 580 வருடங்களுக்கு மேல் ஆகும் வரை அங்கே தொழில்முறை ரொட்டிக் கடைக்காரர்களே இல்லை என்று எழுதுகிறார் பிளினி. அதாவது கி.மு. 170-ஐ ஒட்டிய காலம் வரை. மாவரைப்பதும் சுடுவதும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது.

ருசியைப் பற்றிய பேச்சைத் தொடங்கி வைத்தவர்கள் தெற்கே குடியேறியிருந்த கிரேக்கர்கள். சிசிலியைச் சேர்ந்த ஆர்க்கெஸ்ட்ராட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், எந்த ஊரில் எந்த மீன் நன்றாக இருக்கும் என்று ஒரு காவியமே எழுதினார். நல்ல மீனைச் சீஸ் போட்டுக் கெடுக்காதே என்று சமையல்காரர்களைத் திட்டுகிறார். இன்றைக்கும் மீன் பாஸ்தாவின் மேல் சீஸ் தூவினால் இத்தாலியர்கள் முகம் சுளிப்பார்கள். 2,300 வருடமாகத் தொடரும் திட்டு! அதை முதலில் எழுதி வைத்தவர் கிரேக்க மொழி பேசியவர்.

ரோமின் கைக்கு நாடுகள் வர வர, தட்டும் பெரிதானது. செல்வர் வீட்டு விருந்துகளின் செலவைக் கண்டு அரசாங்கமே பயந்தது. கி.மு. 161-இல் வந்த ஃபானியஸ் சட்டம், விருந்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம், கோழி என்றால் ஒன்றே ஒன்று, அதுவும் கொழுக்க வைக்காத பெட்டைக் கோழி என்று வரம்பு வைத்தது. சட்டம் வந்தால் சந்து கண்டுபிடிப்பவர்களும் வருவார்கள் அல்லவா? சட்டத்தில் பெட்டைக் கோழி என்றுதானே இருக்கிறது என்று சேவலுக்குப் பாலில் ஊறிய தீனி போட்டுக் கொழுக்க வைத்தார்கள். வரி ஏய்ப்பு படிக்கிற மாணவர்களுக்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் உழைத்தார்கள், யார் சாப்பிட்டார்கள்?

பணக்காரர் விருந்தைப் பற்றிப் பேசும் புத்தகங்கள் நிறைய உண்டு. அந்த விருந்தின் அடக்கவிலை என்ன என்று கேட்டால் கேட்டோவின் விவசாய நூலைத் திறக்க வேண்டும். கி.மு. 160 வாக்கில் எழுதப்பட்டது. பண்ணை அடிமைகளுக்கு எவ்வளவு தானியம் போட வேண்டும் என்று அதில் கணக்கு இருக்கிறது. வயலில் வேலை செய்பவனுக்கு மாதம் குளிர்காலத்தில் 4 மோடியஸ் கோதுமை, கோடையில் நாலரை. மேற்பார்வையாளனுக்கு 3 போதும், ஏனென்றால் அவன் உடல் உழைப்பு குறைவு. சங்கிலியில் கட்டப்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 ராத்தல் ரொட்டி. திராட்சைத் தோட்டத்தைக் கொத்த ஆரம்பித்ததும் 5. அத்திப்பழம் பழுக்க ஆரம்பித்ததும் மறுபடி 4, அதுதான் மரத்தில் பழம் இருக்கிறதே! தொட்டுக்கொள்ள, கீழே உதிர்ந்த ஆலிவ் காய்கள். வயதான அடிமையைக் கிழட்டு மாட்டோடு சேர்த்து விற்றுவிடச் சொல்லும் புத்தகமும் இதுவேதான்.

இத்தாலிய உணவின் மிகப் பழைய சமையல் குறிப்புகளில் சில இதே நூலில்தான் இருக்கின்றன. சீஸும் மாவும் முட்டையும் சேர்த்துச் சுடும் 'லிபும்' என்ற பணியாரத்தை இன்றைக்கும் ஆர்வலர்கள் செய்து பார்க்கிறார்கள். பணியாரத்துக்கு இருக்கிற நினைவு, சில பக்கங்கள் தள்ளி எழுதப்பட்டிருக்கும் அந்த 4 ராத்தல் ரொட்டிக்கு இல்லை.

நகரத்துக் கதை வேறு. கி.மு. 123-இல் கையஸ் கிராக்கஸ் ரோமின் குடிமக்களுக்கு மலிவு விலைத் தானியம் கொண்டுவந்தார். கி.மு. 58-இல் குளோடியஸ் அதை இலவசமாக்கினார். வாங்குபவர் எண்ணிக்கை 3,20,000 வரை போக, சீசர் அதை 1,50,000 ஆகக் குறைத்தார். ஒரு ஆளுக்கு மாதம் 5 மோடியஸ், கிட்டத்தட்ட 33 கிலோ. ரேஷன் கார்டு, இலவச அரிசி, பயனாளிகள் பட்டியலைச் சரிபார்ப்பது என்று இன்றைக்கு நடக்கும் சண்டையெல்லாம் அன்றைக்கே நடந்து முடிந்துவிட்டது.

அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது? சிசிலி, வட ஆப்பிரிக்கா, எகிப்து. எண்ணெய் எங்கிருந்து வந்தது? ரோமில் மோன்ட்டே டெஸ்டாச்சியோ என்று ஒரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரம். மண்ணோ பாறையோ கிடையாது, முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகள். கோடிக்கணக்கான ஜாடிகள்! பெரும்பாலானவை தெற்கு ஸ்பெயினிலிருந்து வந்தவை. ஆலிவ் மரங்கள் நிறைந்த இத்தாலியின் தலைநகரம், இறக்குமதி எண்ணெயில் சமைத்தது என்பதற்கு இன்றும் நிற்கிற சாட்சி அந்தக் குன்று.

மிளகும் மீன் சாறும்

ரோமானியச் சமையலின் பெயரில் இன்று மிஞ்சியிருக்கும் பெரிய தொகுப்பு, அபிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூல். அதில் பெரும்பாலான குறிப்புகளில் இரண்டு பொருட்கள் வந்துகொண்டே இருக்கும். ஒன்று 'கரூம்', மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு. இன்னொன்று மிளகு.

கரூம் ஒரு தொழிலாகவே நடந்தது. பாம்பெயில் அவுலஸ் உம்ப்ரிசியஸ் ஸ்காரஸ் என்கிற மீன் சாறு வியாபாரி, தன் வீட்டுத் தரையிலேயே தன் ஜாடிகளின் படத்தை, லேபிளோடு சேர்த்து, மொசைக்காகப் பதித்து வைத்திருந்தார். விருந்தாளி உள்ளே கால் வைத்தாலே விளம்பரம்.

மிளகின் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. சேர நாட்டு முசிறியில் யவனர் கப்பல்கள் பொன் கொடுத்து மிளகு ஏற்றியதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. மறுமுனையில் என்ன நடந்தது என்பது ரோமானியக் கணக்குகளில் இருக்கிறது. பிளினி காலத்தில் கருமிளகு ராத்தல் 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. இந்தியா மட்டும் வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று அவர் புலம்புகிறார். வர்த்தகப் பற்றாக்குறை என்கிற தலைவலிக்கு வயது கிட்டத்தட்ட 2,000. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏட்டில், முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தமும் ஹெர்மப்போலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் இருக்கின்றன. இந்தச் சரக்குகளுக்கு அரசாங்கம் போட்ட இறக்குமதி வரி 25 சதவீதம். ரோமில் பேரரசர் தொமிசியன் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப் போவதற்குக் கேட்ட பணயத்தில் 5,000 ராத்தல் தங்கத்தோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. தங்கத்தோடு சேர்த்துக் கேட்கும் அளவுக்கு மிளகு ரோமின் சொந்தச் சரக்காகிவிட்டது. மிளகுக் கொடி ஒன்று கூட அந்த நாட்டில் முளைத்ததில்லை.

பேரரசு சரிந்தபோது

இப்படிக் கப்பலை நம்பி வாழும் நகரத்துக்குக் கப்பல் நின்றால் என்ன ஆகும்? அதற்கு முன்பே பணவீக்கம் வந்தது. கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளிசியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு உச்சவரம்பு விலை அறிவித்தார். பன்றிக்கறி ராத்தல் 12 தெனாரியஸ், மாட்டுக்கறி 8. சாப்பாட்டோடு வயல் கூலி நாளுக்கு 25. மீறினால் மரண தண்டனை. விளைவு, பொருட்கள் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன என்று லக்டான்சியஸ் எழுதுகிறார். விலையைக் கட்டினால் சரக்கு பதுங்கும் என்பதைப் பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே ரோமர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு எகிப்தின் தானியம் புதிய தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்பியது. 439-இல் வாண்டல்கள் கார்த்தேஜைப் பிடித்ததும் ஆப்பிரிக்கத் தானியமும் போனது. உச்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த ரோம், சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது.

வடக்கிலிருந்து வந்த ஜெர்மானியர்களோடு காடும் பன்றியும் தட்டுக்கு வந்தன. 643-இல் லொம்பார்டு அரசர் ரோத்தாரி இயற்றிய சட்டத்தில், ஒரு பண்ணை அடிமையைக் கொன்றால் இழப்பீடு 20 சொலிடஸ், உதவியாட்களை வைத்திருக்கும் தலைமைப் பன்றி மேய்ப்பனைக் கொன்றால் 50. எதை எந்தக் காலம் மதித்தது என்று அபராதத் தொகை காட்டிக்கொடுத்துவிடுகிறது. காட்டின் பரப்பை, அதில் எத்தனை பன்றிகள் மேயும் என்கிற எண்ணிக்கையால் எழுதி வைத்த மடாலயப் பதிவேடுகளும் உண்டு. இன்று உலகம் கொண்டாடும் இத்தாலியப் பன்றித் தொடை பதப்படுத்தல் ரோமர் காலத்திலேயே இருந்தது. ஆனால் பன்றிக்கு இந்த அந்தஸ்தைக் கொடுத்தது 'காட்டுமிராண்டிகள்' என்று வரலாறு ஒதுக்கிய அந்த மக்கள்தான்.

பாஸ்தா ஏறிய கப்பல்

அடுத்த பெரிய வரவு தெற்கிலிருந்து. 827-இல் அரபு ஆட்சியாளர்களின் படை சிசிலியில் இறங்கியது. 831-இல் பலர்மோ அவர்கள் கைக்கு வந்தது. கரும்பு, எலுமிச்சை, ஆரஞ்சு, கத்திரிக்காய், கீரை வகைகள், கூடவே நீர்ப்பாசன நுட்பம் எல்லாம் அந்த ஆட்சியோடு வேர்விட்டன.

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். ஆனால் 1154-இல், சிசிலியை அப்போது ஆண்ட நார்மன் அரசர் ரோஜரின் சபையிலிருந்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, பலர்மோவுக்கு அருகில் திராபியா என்ற ஊரை வர்ணிக்கிறார். அங்கே நிறைய ஆலைகள் இருக்கின்றன, 'இத்ரிய்யா' என்ற நூல் போன்ற மாவுப்பண்டம் செய்கிறார்கள், அது கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் போகிறது என்கிறார். 1279-இல் ஜெனோவா நகரத்து நோட்டரி ஒருவர் எழுதிய சொத்துப் பட்டியலில், போன்சியோ பஸ்தோனே என்ற படைவீரர் விட்டுப்போன ஒரு பெட்டி நிறைய மக்ரோனி இருக்கிறது. சொத்தாக எழுதும் அளவுக்கு மதிப்பு! மார்க்கோ போலோ அப்போது சீனாவில்தான் இருந்தார்.

சரி, அந்தக் கதை எங்கிருந்து பரவியது? 1929-இல் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் பத்திரிகை இந்தக் கதையைச் சுவையாக அச்சிட்டது. மார்க்கெட்டிங் துறை வரலாற்றை எழுதினால் இப்படித்தான். காய்ந்த பாஸ்தா தளைத்ததற்கு உண்மையான காரணம் எளிமையானது. கெட்டுப்போகாது, எடை குறைவு, கப்பலில் அடுக்கலாம். அது சமையலறையின் கண்டுபிடிப்பாக இருந்தாலும், பரவியது வணிகச் சரக்காக.

கத்திரிக்காய்க்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்தியப் பக்கத்துக் காய், அரபு வழியாக வந்தது, யூதர்கள் விரும்பிச் சமைத்தது. 1492-இல் ஸ்பானிய மன்னராட்சி யூதர்களைச் சிசிலியிலிருந்தும் வெளியேற்றியபோது, அவர்களோடு கத்திரிக்காய்ச் சமையலும் வடக்கே போனதாக உணவு வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அதன் இத்தாலியப் பெயரான 'மெலன்சானா'வுக்குப் பைத்தியக்கார ஆப்பிள் என்று பொருள் கற்பித்துப் பயந்தார்கள். 1891-இல் புகழ்பெற்ற சமையல் நூலை வெளியிட்ட ஆர்ட்டூசி, நாற்பது வருடம் முன்பு வரை ஃபுளோரன்ஸ் சந்தையில் கத்திரிக்காயைக் காண்பதே அரிது, யூதர் உணவு என்று இகழ்ந்தார்கள் என்கிறார். இன்றைக்குக் கத்திரிக்காய் பார்மிஜானா 'பாரம்பரிய' உணவு. இகழ்ந்த நாக்குக்கே இப்போது அது பாட்டி சமையல்.

பஞ்சத்தின் கணக்கு

உணவு வரலாறு என்றால் விருந்து வரலாறு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தொமெனிகோ லென்சி என்ற தானிய வியாபாரி, 1320 முதல் 1335 வரை ஃபுளோரன்ஸின் ஓர்சன்மிக்கேலே சந்தையில் தானிய விலையைக் குறித்துக்கொண்டே வந்தார். 1329-இல் பஞ்சம். பக்கத்து நகரமான சியன்னா தன் ஏழைகளை ஊரைவிட்டு விரட்டியது. அவர்களை ஃபுளோரன்ஸ் உள்ளே விட்டது என்று அவர் எழுதுகிறார். விரட்டும் காட்சியும் ஏற்கும் காட்சியும் அந்த ஏட்டில் வண்ணப் படங்களாகவே இருக்கின்றன. விலைப் பட்டியல் எழுத உட்கார்ந்த ஒரு வியாபாரியால் அதைத் தாண்டி எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பசியைத் தெரிந்துகொண்டு படித்தால்தான், இருபது வருடம் கழித்துப் பொக்காச்சியோ 'டெக்கமரான்' நூலில் வைத்த கற்பனை ஊர் புரியும். அங்கே துருவிய பார்மிசான் சீஸால் ஆன மலை. அதன் உச்சியில் மக்ரோனியும் ரவியோலியும் செய்து கீழே உருட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். வயிறு நிறைந்தவனுக்கு இப்படி ஒரு மலை கனவில் வராது.

நாட்டுப்புறத்துச் சாப்பாடு தினை, வரகு போன்ற சிறுதானியக் கூழ், செஸ்ட்நட் மாவு, அவரை வகைகள், கோசுக்கிழங்கு. பொலென்டா என்கிற களி அன்றைக்கும் உண்டு, ஆனால் மக்காச்சோளம் இல்லை. அது அமெரிக்காவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மறுமலர்ச்சி முடிந்த தறுவாயில், 1606-இல், குரோச்சே எழுதிய பெர்த்தோல்தோ கதை இன்றும் இத்தாலியில் பிரபலம். அரண்மனைக்குப் போன குடியானவன், கோசுக்கிழங்கும் அவரையும் கிடைக்காமல் ராஜ உணவு தின்றே செத்துப்போகிறான். ஏழைக்கு ஏழைச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளும் என்று அன்றைய மருத்துவமும் சொன்னது. எவ்வளவு வசதியான மருத்துவம்!

மறுமலர்ச்சியின் சமையல்காரர்

இவ்வளவும் வெளியிலிருந்து வந்தது என்றால் இத்தாலியர்கள் செய்ததுதான் என்ன என்ற கேள்வி நியாயமானது. பதில் 15-ஆம் நூற்றாண்டுச் சமையல்காரர் மார்ட்டினோவிடம் இருக்கிறது. அவர் எழுதிய குறிப்புகளைப் பிளாட்டினா என்ற அறிஞர் தன் லத்தீன் நூலில் எடுத்துச் சேர்த்தார். 1470 வாக்கில் ரோமில் அச்சான அதுதான் உலகில் அச்சேறிய முதல் சமையல் புத்தகம். குறிப்புகள் மார்ட்டினோவுடையவை என்று பிளாட்டினா பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார். இன்றைய காப்பி பேஸ்ட் உலகத்தில் இது பெரிய விஷயம்.

மார்ட்டினோவின் பட்டியலில் சிசிலி மக்ரோனி உண்டு, ரோம் மக்ரோனி உண்டு, பொலோஞ்ஞா பாணி அடை உண்டு, ஸ்பெயினின் கத்தலானியப் பாணிக் கோழியும் உண்டு. யாருடையது என்பதை மறைக்காமல், எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் அடுக்கினார். சிசிலி மக்ரோனியை 2 மணி நேரம் கொதிக்க வைக்கச் சொல்கிறார் என்பது இன்னொரு வேடிக்கை. கொஞ்சம் விறைப்பாக, பல்லில் படும்படி இறக்க வேண்டும் என்று இன்று உலகத்துக்கே பாடம் எடுப்பவர்கள் இதைப் படித்தால் மயங்கி விழுவார்கள். அந்தக் காலத்துப் பாஸ்தாவின் மேல் போட்டது சீஸ், சர்க்கரை, பட்டை. பட்டையும் சர்க்கரையும் அன்றைய ஆடம்பரம்.

1548-இல் ஓர்த்தென்சியோ லாந்தோ என்ற எழுத்தாளர், சிசிலியில் தொடங்கி வடக்கே போகும் ஒரு பயணிக்கு, எந்த ஊரில் எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861-இல்தான். அரசியல்வாதிகள் நாட்டை இணைப்பதற்கு 300 வருடம் முன்பே வியாபாரிகளும் சமையல்காரர்களும் சந்தைகள் வழியே அதை இணைத்துவிட்டார்கள். இத்தாலியர்கள் செய்தது இதுதான். ஓர் ஊரின் சரக்கை இன்னோர் ஊர் வாங்கியது, ருசி பார்த்தது, பெயர் சொல்லி விற்றது. எந்த அரசனும் திட்டமிட்டுச் செய்ய முடியாத வேலை.

அதே 1548-இன் அக்டோபர் கடைசி நாளில், பீசா நகரத்தில் தங்கியிருந்த கொசிமோ தெ மெதிச்சியின் வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்து சேர்ந்ததாக அவருடைய நிர்வாகி கடிதம் எழுதினார். வீட்டார் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1570-இல் போப்பாண்டவரின் சமையல்காரர் ஸ்காப்பி ஏறக்குறைய ஆயிரம் குறிப்புகளோடு வெளியிட்ட பிரம்மாண்டமான நூலில் தக்காளிச் சாஸ் இல்லை. 1692-இல் நேப்பிள்ஸில் லத்தீனி அச்சிட்ட நூலில்தான் அது வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஸ்பானியப் பாணிச் சாஸ்!

ஆக, பாம்பெய்ச் சுவரில் பீட்சாவைத் தேடுவதும், லூக்காவின் மதிலுக்குள் கெபாப்பைத் தடுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இன்றைய தட்டை எடுத்து அது என்றைக்கும் இப்படியே இருந்தது என்று சாதிப்பது. 1154-இல் இதே மனநிலை இருந்திருந்தால் அரபுக்காரனின் இத்ரிய்யா திராபியாத் துறையைத் தாண்டியிருக்காது. பாஸ்தாவும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை.

சொந்தச் சமையலை நேசிப்பதில் தப்பில்லை. பாட்டி கைப்பக்குவத்தைக் காப்பாற்றுவதும் நல்லதுதான். அந்தக் கைப்பக்குவத்துக்குச் சரக்கு அனுப்பிய அடிமையையும் மாலுமியையும் துரத்தப்பட்ட யூதரையும் கணக்கில் சேர்த்துவிட்டு நேசித்தால் போதும். யாராவது ஒரு சாப்பாட்டைக் காட்டி இதுதான் ஒரிஜினல் என்று சண்டைக்கு வந்தால், கோபப்பட வேண்டாம். எந்த வருஷத்து ஒரிஜினல் என்று மட்டும் கேளுங்கள்.